அடைக்கலம், பிணை, அமானிதம்: மீட்கப்பட்ட நாய்களைத் தற்காலிகமாக வளர்ப்போரின் மனச்சுமையும் தமிழ் இலக்கியச் சொல்வளமும்

ஆய்வுச்சுருக்கம்

தெருவில் அடிபட்ட நாய்கள், தாயை இழந்த குட்டிகள், வளர்த்தவர்களால் கைவிடப்பட்ட செல்லப்பிராணிகள் ஆகியவற்றை நிரந்தர வீடு அமையும்வரை தம் இல்லத்தில் வைத்துப் பேணுவது தற்காலிக வளர்ப்பு எனப்படுகிறது. இப்பணியில் ஈடுபடுவோர் சுமக்கும் துயரைப் பேசத் தமிழில் பெரும்பாலும் இரவல் சொற்களே கையாளப்படுகின்றன. நாயைப் பற்றிய தமிழ் இலக்கிய மரபு ‘ஓர் ஆண்டானுக்கு ஒரு நாய்’ என்னும் மாறா விசுவாசத்தையே முன்னிறுத்துவதால், ஒப்படைப்பதற்காகவே வளர்க்கும் உறவு அம்மரபில் இடம்பெறவில்லை. அவ்வுறவுக்குரிய சொற்கள் நாய் இடம்பெறாத பகுதிகளில் உள்ளன. சிலப்பதிகாரத்தின் ‘அடைக்கலம்’, கீழக்கரை வள்ளலின் ஆதரவில் தொடங்கிய சீறாப்புராணத்தின் ‘பிணை’, தமிழ் முஸ்லிம்களின் வழக்கிலுள்ள ‘அமானிதம்’ ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ நாவலை எதிர்நிலைச் சான்றாகக் கொண்டு, இச்சொற்களின் ஆற்றலையும் எல்லையையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: தற்காலிக வளர்ப்பு, அடைக்கலம், பிணை, அமானிதம், சீறாப்புராணம், கீழக்கரை, ஏற்கப்படாத துயர்.

1. முன்னுரை

விலங்கு நலப் பணி தமிழகத்துக்குப் புதிதன்று. இந்திய நீலச் சிலுவைச் சங்கம் 1959இல் சென்னையில் தோன்றியது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் முறையை வகுத்தன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, ஏனைய நாய்களைப் பொறுத்து இம்முறையை நிலைநிறுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடலாகாது என ஆணையிட்டது. பொதுவெளியில் நிகழ்ந்த விவாதம் நாய்க்கடிக்கு ஆளாகும் குழந்தைகளுக்கும் நாய்களின் உயிருரிமைக்கும் இடையே எழுந்த வழக்காகவே அமைந்தது. அவ்விவாதத்தில், பிடிபட்ட நாய்க்கும் அதன் அடுத்த இருப்பிடத்துக்கும் இடையே நிற்கும் மனிதரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

அந்த இடைவெளியில் நிற்பவரே தற்காலிக வளர்ப்பாளர். காப்பகங்களில் இடநெருக்கடி மிகும்போதும், தடுப்பூசி இடப்பெறாத குட்டிகளுக்குப் பார்வோ முதலிய தொற்றுகள் பரவும்போதும், அவற்றைத் தனியே வைத்துப் பேண ஒரு வீடு தேவைப்படுகிறது. சில வாரங்களோ சில மாதங்களோ அவ்வீடு அவ்வுயிரின் உலகமாகிறது. பின்னர் நிரந்தரமாக வளர்க்க ஒருவர் முன்வருகிறார். நாய் அவரிடம் செல்கிறது.

இவ்வளர்ப்பாளரை மூவகைத் துயர் அழுத்துகின்றன. முதலாவது, கையில் ஏற்ற உயிர் காப்பாற்ற இயலாமல் இறப்பது. இரண்டாவது, பிழைத்துத் தேறி, அழைத்தால் ஓடிவரும் நிலைக்கு வந்த உயிரைப் பிறரிடம் தருவது. மூன்றாவது, இடமும் பொருளும் இன்மையால் அடுத்த உயிரை ஏற்க மறுப்பது. இவற்றுள் இரண்டாவதே இப்பணிக்கு மட்டும் உரியது. மருத்துவரும் முதலாவதை அறிவார். ஈகையாளர் எவரும் மூன்றாவதை அறிவார். தன் பணி வெற்றி பெற்றதன் விளைவாகவே பிரிவை அடைவது தற்காலிக வளர்ப்பாளரின் தனி நிலை.

தன்னார்வலர்கள் இப்பணியை ‘ஃபாஸ்டர்’ என்றும், நாய் நிரந்தர வீடு சேர்வதை ‘அடாப்ஷன்’ என்றும் வழங்குகின்றனர். சொல் இரவலாக இருப்பதில் குறையொன்றுமில்லை. ஆயினும், ஒரு துயருக்குத் தன் மொழியில் பெயர் இல்லாதபோது அது சுற்றத்தாரின் செவிக்கு எட்டுவதில்லை. ‘நாய்தானே’ என்னும் ஒற்றைத் தொடரில் அது முடிந்துவிடுகிறது. ஆகவே, இவ்வுறவைச் சொல்லும் வளம் தமிழ் மரபில் உண்டா என்னும் வினா சொல்லாய்வின் எல்லையைக் கடந்து வாழ்வைத் தொடுகிறது.

2. ஓர் ஆண்டானும் ஒரு நாயும்

தமிழ் இலக்கண இலக்கிய மரபு நாயை நன்கறியும். தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயரைப் பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயரோடு சேர்த்துக் ‘குருளை’ என வகுக்கிறது. சங்கப் பாடல்களில் வேட்டுவரோடு ஞமலி செல்கிறது. நாலடியாரின் நட்பாராய்தல் அதிகாரம் யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லக்கூடும். நாயோ தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது அப்பாடலின் கருத்து. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கீழாகத் தாழ்த்திக்கொள்ளும்போதும், இறைவன் ஒருவனே ஆண்டான் என்னும் உறுதி அத்தாழ்வின் அடியில் உள்ளது.

இச்சான்றுகள் தம்முள் வேறுபடினும் ஒரு முன்முடிவைப் பகிர்ந்துகொள்கின்றன. நாயின் பெருமை அதன் ஒருமுகப்பட்ட பற்றில் இருக்கிறது, அப்பற்றுக்கு உரியவர் ஒருவரே, அவர் மாறுவதில்லை. ஜப்பானில் 1925இல் இறந்த தன் பேராசிரியருக்காக ஷிபுயா நிலையத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்த ஹச்சிகோ உலகெங்கும் போற்றப்படுவதற்கும் இதே முன்முடிவே காரணம்.

இம்மரபு நாயின் நினைவைப் போற்றவும் செய்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், கால்நடைகளைக் காத்து மாண்ட வீரனோடு கோவிவன் என்னும் நாயையும் காட்டுகிறது. அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தி கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. 7ஆம் நூற்றாண்டுச் சிற்றூர் ஒன்று ஒரு நாயின் பெயரைக் கல்லில் வைத்தது. 2018இல் வெளியான மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ திரைப்படத்தில் கருப்பி என்னும் நாய்க்கு மனிதருக்குரிய இறுதிச் சடங்கு நிகழ்கிறது. இவ்விரு சான்றுகளிலும் துயருக்கு ஊர் சாட்சியாகிறது. ஆனால் இரண்டிலும் நாய் இறந்துள்ளது. அது யாருடைய நாய் என்பதிலும் ஐயமில்லை.

தற்காலிக வளர்ப்பில் இவ்விரு அடிப்படைகளும் இல்லை. நாய் உயிரோடு இருக்கிறது, நலமாகவும் இருக்கிறது. அது வளர்ப்பாளருடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. புதிய வீட்டில் அதன் பெயரும் மாற்றப்படலாம். எனவே நடுகல் நட இடமில்லை, சடங்குக்கும் வழியில்லை. அதைவிட ஆழமான இடர் ஒன்றுண்டு. விசுவாச மரபை அப்படியே ஏற்றுக்கொண்ட வளர்ப்பாளர், தன்னிடம் பற்றுவைத்த உயிரைப் பிறரிடம் தருவதைத் துரோகமாக உணர்கிறார். வேல் எறிந்தவனிடமும் வால் குழைக்கும் உயிர் என்று கற்றவருக்கு, எறிந்தவன் இடத்தில் தன்னையே காண்பது எளிது.

நாய்களின் நடத்தையை ஆராய்ந்தோர் இம்மரபுக்கு ஒரு திருத்தம் தருகின்றனர். ஹங்கேரியில் மார்த்தா காட்சி முதலியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, காப்பகத்தில் வாழும் வளர்ந்த நாய்கள் ஒரு புதியவரோடு பத்து நிமிட அளவிலான மூன்று சந்திப்புகளுக்குப் பின்னரே அவரிடம் பற்றின் அறிகுறிகளைக் காட்டுவதைக் கண்டது. அமெரிக்கக் காப்பகங்கள் ஐந்தில் லிசா குண்டர் முதலியோர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஓரிரு இரவுகள் ஒரு வீட்டில் தங்கிய நாய்களின் கார்டிசால் என்னும் மனஅழுத்தச் சுரப்பு குறைவதையும், காப்பகம் திரும்பியதும் அது முந்தைய அளவுக்கே மீள்வதையும் காட்டியது. அதாவது, குறுகிய கால அரவணைப்பும் நன்மை தருகிறது. அது முடிவதனால் நாய் முன்னிருந்ததைவிடக் கூடுதல் அழுத்தத்துக்கு ஆளானதாக அவ்வளவீடு காட்டவில்லை. நாயின் பற்று ஒருவருக்கே முத்திரையிடப்பட்டதன்று. அது மீண்டும் முளைக்கக்கூடியது. ஆகவே, ஒப்படைப்பைத் துரோகமெனக் கொள்வதற்கு நாயின் இயல்பைவிட இலக்கிய மரபே பெரிதும் காரணமாகிறது.

துரோகம் என்னும் சொல் பொருந்தாது எனில், பொருந்தும் சொல் எது? நாயைப் பாடிய பகுதிகளை விட்டு, பிறர் பொருட்டு உயிரைக் காத்தலைப் பாடிய பகுதிகளில் அதைத் தேட வேண்டியுள்ளது.

3. அடைக்கலம்: மாதரி ஏற்ற பொறுப்பு

சிலப்பதிகார மதுரைக் காண்டத்தின் அடைக்கலக் காதை, பிறர் உயிரை ஏற்றுக் காத்தலின் இலக்கணத்தை விரிவாகச் சொல்லும் பகுதி. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். மாதரிக்குக் கண்ணகி உறவினளல்லள்; முன்பின் அறிந்தவளுமல்லள். கோவலன் குலத்துச் செல்வ வணிகர் அவர்களை விருந்தாக ஏற்று, அவர்கள் அம்மனை புகும்வரை காக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. இது தற்காலிகப் பொறுப்பு என்பது தொடக்கத்திலேயே தெளிவு.

இக்காதையில் ஆய்வாளர்கள் போதிய கவனம் செலுத்தாத ஒரு பகுதி, கவுந்தி மாதரிக்குச் சொல்லும் குரங்கின் கதை. தவத்தோர் தரும் அடைக்கலம் சிறிதாயினும் பேரின்பம் தரும் என்பதற்குச் சான்றாக அவர் இதைச் சொல்கிறார். சாயலன் என்னும் வணிகனின் மனையில் சாரணர் உண்டு எஞ்சியதை உண்ண ஒரு குரங்கு அஞ்சி வந்து நிற்கிறது. சாரணர் அதை மனைக்கிழத்தியிடம் காட்டி, உன் மக்களைப் போல் இதைப் பேணுக என்கிறார். அவள் பேணுகிறாள். குரங்கு இறந்தபின் தான் செய்யும் தானத்தில் ஒரு பகுதியை அதன் பொருட்டு ஒதுக்குகிறாள். அக்குரங்கு வாரணாசி அரசனின் மகனாகப் பிறந்து, பின் தேவனாகிறது. முற்பிறப்பை உணர்த்துவதற்காக அதன் ஒரு கை மட்டும் குரங்கின் கையாகவே இருக்கிறது.

அடைக்கலத்தின் உயர்வை உணர்த்த இளங்கோ தேர்ந்த சான்று, வழிதவறி வந்த ஒரு விலங்கைப் பெண்ணொருத்தி பேணியது என்பது கருதத்தக்கது. மேலும், துயருக்கு அவள் ஒரு செயல்வடிவம் தருகிறாள். இறந்த விலங்கின் பெயரால் தானம் செய்தல் அவளது இழப்பை ஊரறியச் செய்யும் வழக்கமாகிறது. எடத்தனூர் நடுகல் வீரத்துக்கு எழுந்தது. இத்தானமோ வெறும் பேணலுக்கு எழுந்தது. எந்த வீரமும் செய்யாத, பசியோடு வந்த ஓர் உயிருக்காக எழுந்தது.

இக்கதை நற்பேற்றில் முடிகிறது. ஆனால் அதைக் கேட்ட மாதரியின் கதை அவ்வாறு முடியவில்லை. கோவலன் கொலையுண்டு, கண்ணகி மதுரையை எரித்து நீங்கியபின், மாதரி தன் அடைக்கலத்தை இழந்ததாகச் சொல்லித் தீயில் புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அறிகிறோம். கவுந்தியும் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். நிகழ்ந்ததில் மாதரியின் பிழை ஏதுமில்லை. கண்ணகி அவள் மனையில் இருந்த காலமும் மிகக் குறுகியது. எனினும் ஏற்ற பொறுப்பின் முறிவு அவளை முற்றாக எரிக்கிறது.

தற்காலிக வளர்ப்பில் முதல்வகைத் துயரை, அதாவது கையில் ஏற்ற உயிர் இறக்கும்போது எழும் குற்றவுணர்வை, இதைவிடக் கூர்மையாகக் காட்டும் பகுதி தமிழில் அரிது. பார்வோ கண்ட குட்டி இரண்டொரு நாளில் இறந்துவிடும்போது, ‘சில நாள்தானே வைத்திருந்தீர்கள்’ என்னும் ஆறுதல் பயனற்றுப் போவதன் காரணம் இங்கே விளங்குகிறது. பற்றின் ஆழத்தை நாள்கணக்கு தீர்மானிப்பதில்லை. ‘நான் காப்பேன்’ என ஏற்ற சொல்லே தீர்மானிக்கிறது. அதே வேளையில் மாதரியின் முடிவு ஓர் எச்சரிக்கையாகவும் நிற்கிறது. எல்லையற்ற பொறுப்பாக அடைக்கலம் பொருள்கொள்ளப்படும்போது அது காப்பவரையே அழிக்கிறது. பொறுப்புக்கு எல்லை வகுக்கும் ஒரு கருத்தாக்கம் தேவைப்படுகிறது. அது பிற்காலக் காப்பியம் ஒன்றில் கிடைக்கிறது.

4. பிணை: கீழக்கரை தந்த சொல்

மன்னார் வளைகுடாவை நோக்கிய கீழக்கரை, 17ஆம் நூற்றாண்டில் சீதக்காதி எனப் போற்றப்பெற்ற பெரியதம்பி மரைக்காயரின் ஊர். எட்டயபுரத்தைச் சார்ந்த உமறுப்புலவர் அவர் ஆதரவில் சீறாப்புராணத்தைத் தொடங்கினார் என்பதும், கீழக்கரையோடு தொடர்புடைய மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் வழிகாட்டல் அந்நூலுக்குக் கிடைத்தது என்பதும் மரபுவழிச் செய்திகள். நூல் நிறைவுறுமுன் வள்ளல் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றார். ஒருவர் தொடங்கிய காப்பு மற்றொருவர் கையில் நிறைவுற்ற வரலாறு அந்நூலுக்கே உரியது. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் பழமொழி அவரது கொடையை மட்டுமே பேசுகிறது; தொடங்கியதைப் பிறர் கையில் விட்டுச்செல்லும் நிலையும் அவர் வரலாற்றில் உண்டு.

நுபுவ்வத்துக் காண்டத்தில் உள்ள மானுக்குப் பிணை நின்ற படலம் தமிழ் மாணவர் பலரும் பாடநூல்வழி அறிந்தது. வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறான். அவ்வழி வந்த நபிகள் நாயகத்திடம் அம்மான் முறையிடுகிறது: பால் இன்றித் தவிக்கும் கன்றைக் கண்டு பாலூட்டி மீள அனுமதி வேண்டும். வேடன் நம்ப மறுக்கிறான். நபிகள் நாயகம் மானுக்குத் தாமே பிணையாகிறார். மான் சென்று கன்றுக்குப் பாலூட்டி, சொன்னபடி கன்றோடு திரும்பி வருகிறது. வியந்த வேடன் மனம் மாறி இஸ்லாத்தை ஏற்கிறான். மானும் விடுதலை பெறுகிறது.

‘பிணை’ என்னும் சொல் இப்படலத்தில் தமிழ்மொழிக்கே உரிய ஒரு பொருட்செறிவைப் பெறுகிறது. பிணை என்பது ஈடாக நிற்றல். பிணை என்பது கட்டு. மரபியலின்படி மானின் பெண்பாற்பெயரும் பிணையே. கட்டுண்டது பிணை, அதற்காக நின்றது பிணை, இருவரையும் கட்டியதும் பிணை. வேற்றுமொழி மூலங்களிலிருந்து வந்த நிகழ்ச்சி தமிழில் புகுந்தபோது, காப்பவரையும் காக்கப்படுவதையும் ஒரே சொல் குறிக்கும் வாய்ப்பு உண்டாயிற்று.

அடைக்கலத்திலிருந்து பிணை மூன்று வகையில் வேறுபடுகிறது. முதலாவது, பிணைக்கு முடிவு உண்டு. குறித்தது நிறைவேறியதும் பிணை நின்றவர் விடுபடுகிறார். இரண்டாவது, பிணை நிற்பவர் உடைமையாளராக உரிமை கோருவதில்லை. படலத்தில் மான் நபிகள் நாயகத்தின் உடைமையாக ஒருகணமும் ஆவதில்லை. கதை முடிவில் அது காட்டுக்கே உரியதாகிறது. மூன்றாவது, பிணை நிற்றல் நம்பிக்கையின்மீது கட்டப்பட்டது. வேடனுக்கு மான்மேல் நம்பிக்கை இல்லை. மானுக்கு வேடன்மேல் நம்பிக்கை இல்லை. இருவருக்கும் நடுவே ஒருவர் நின்றதனால்தான் கன்று பால் பெறுகிறது.

இங்கு ஒப்பிடப்படுவது கருத்தாக்கம் மட்டுமே, ஆள்களல்லர். அந்த எல்லைக்குள் நின்று பார்க்கும்போது, தற்காலிக வளர்ப்பாளரின் நிலை பிணை நிற்றலுக்கு மிக நெருக்கமானது. மனிதரை நம்பாத நாய்க்கும், அந்நாயை இன்னும் அறியாத குடும்பத்துக்கும் நடுவே அவர் நிற்கிறார். கைதொட்டால் நடுங்கிய உயிர் தானே வந்து மடியில் தலைவைக்கும்போது, அவர் ஈட்டியது தனக்கான பற்றை மட்டுமன்று. மனித இனத்தின் பெயரால் ஒரு நம்பிக்கையை. அந்நம்பிக்கையை அடுத்த வீட்டுக்கு மாற்றிக் கொடுப்பதே பிணை தீர்தல். இவ்வாறு நோக்கினால் ஒப்படைப்பு துரோகத்தின் எதிர்ப்புறத்தில் அமைகிறது. திருப்பித் தராமல் தானே வைத்துக்கொள்வது அன்பின் மிகுதியால் நிகழலாம், அதில் பிழையில்லை. ஆனால் அவ்வாறு நேரும்போதெல்லாம் அடுத்த உயிருக்கான இடம் ஒன்று குறைகிறது என்பதையும் இப்பணியில் நெடுநாள் இருப்போர் அறிவர்.

படலத்துக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியையும் சுட்ட வேண்டும். காப்பியத்தில் மான் பேசுகிறது. தன் விருப்பத்தைச் சொல்கிறது. தானே வாக்களித்துத் தானே திரும்புகிறது. நாய் பேசுவதில்லை. வண்டியில் ஏற்றப்படும்போது அது திரும்பிப் பார்ப்பதன் பொருளை வளர்ப்பாளர் ஊகிக்க மட்டுமே இயலும். காப்பியத்தில் பிணையின் முடிவு அன்றே தெரிந்துவிடுகிறது. புதிய வீட்டில் நாய் எவ்வாறு நடத்தப்படும் என்பது வளர்ப்பாளருக்குத் தெரிவதில்லை. வேடன் மனம் மாறுவது போல் எல்லாரும் மாறுவதில்லை. ஏற்றவர்கள் சில வாரங்களில் நாயைத் திருப்பியனுப்புவதும் உண்டு. பிணை என்னும் சொல் கடமையின் வடிவைத் தருகிறது; ஐயத்தின் வேதனைக்கு அது மருந்தாவதில்லை.

5. அமானிதம்: வாயிலில் படுத்த நாய்

கீழக்கரை வட்டாரத்தைப் பேசும்போது ஒரு வினாவைத் தவிர்க்க இயலாது. இக்கரையோர முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி சட்டமரபைப் பின்பற்றுவோர். அம்மரபில் நாய் தூய்மையற்றது. அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்து, கழுவ வேண்டும். வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க்காவல் போன்ற தேவைகளுக்கு நாய் வைத்திருத்தல் ஏற்கப்படுகிறது. இத்தகைய சூழலில் நாயைப் பேணும் பேச்சுக்கு இடமுண்டா என்பது இயல்பான ஐயம்.

இக்கட்டுரை மார்க்கத் தீர்ப்பு கூறும் நோக்கமுடையதன்று. எனினும் நூல்களை வாசிக்குமிடத்து, தூய்மை விதியும் இரக்கக் கடமையும் தனித்தனித் தளங்களில் இயங்குவது தெரிகிறது. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்ட நாய்க்குக் கிணற்றிலிருந்து நீர் முகந்து கொடுத்தவர் பாவமன்னிப்புப் பெற்ற நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. குர்ஆனின் 18ஆம் அத்தியாயம், குகைத் தோழர்களோடு இருந்த நாய் வாயிலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததைச் சொல்கிறது. அது உள்ளே இல்லை, துரத்தப்படவும் இல்லை. தோழர்களை எண்ணும் இடத்தில் அதுவும் எண்ணப்படுகிறது. தொடுதலைப் பற்றிய விதி பொறுப்பை நீக்குவதில்லை என்பதற்கு அந்த வாயிற்படியே போதிய சான்று. முற்றத்திலோ வாயிலிலோ வைத்துப் பேணும் பராமரிப்பு வீட்டுக்குள் மடியில் வைத்துப் பேணுவதினும் தாழ்ந்ததன்று. அன்பு எனில் அணைப்பு என்னும் நகர்ப்புற முன்முடிவைத் திருத்திக்கொள்ள இது உதவுகிறது.

இவ்வட்டாரம் உள்ளிட்ட தமிழ் முஸ்லிம் வழக்கில் ‘அமானிதம்’ என்னும் சொல் உண்டு. ஒருவர் நம்பி ஒப்படைத்ததை, கேட்கும்போது சேதமின்றித் திருப்பித் தரும் கடமையோடு வைத்திருப்பது அமானிதம். கொழும்பு முதல் வளைகுடா நாடுகள்வரை பிழைப்பின் பொருட்டுக் கடல்கடந்து செல்வதை நெடுங்காலம் வழக்கமாகக் கொண்ட ஊர்களில் இச்சொல்லின் எடையை விளக்க வேண்டியதில்லை. விட்டுச்செல்வோர் அனைவரும் ஏதோ ஒன்றை எவரோ ஒருவரிடம் அமானிதமாக வைத்தே செல்கின்றனர்.

அமானிதத்தின் உணர்ச்சிக் கூறு உம்மு சுலைமின் வரலாற்றில் வெளிப்படுகிறது. கணவர் அபூ தல்ஹா வெளியே சென்றிருந்தபோது அவர்களின் குழந்தை இறந்துவிடுகிறது. திரும்பிய கணவரிடம் அவர் உடனே அதைச் சொல்லவில்லை. ஒருவர் இரவலாகத் தந்ததைத் திரும்பக் கேட்டால் மறுக்கலாமா என வினவுகிறார். மறுக்கலாகாது என்கிறார் கணவர். அதன்பின்னரே மகன் இறந்ததைச் சொல்கிறார். இரவல் என்னும் உவமை இழப்பைத் தாங்க ஒரு வடிவம் தருகிறது. ஆயினும் அபூ தல்ஹா உடனே அமைதியடையவில்லை. தமக்கு முன்பே சொல்லவில்லை என வருந்தினார். நபிகள் நாயகமும் தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார். ஆகவே அமானிதம் என்னும் கருத்து அழுகையைத் தடைசெய்வதன்று. திருப்பித் தருவது கடமை, அழுவதும் முறையே.

இந்த இரட்டைத் தன்மையே தற்காலிக வளர்ப்பாளருக்குத் தேவையானது. ‘கொடுக்கத்தானே வளர்த்தீர்கள், பின் ஏன் அழுகிறீர்கள்?’ என்னும் கேள்வி அவரைச் சுற்றி ஓயாது எழுகிறது. சமூகம் துயரெனவே ஒப்புக்கொள்ளாத இத்தகைய இழப்பை அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் ‘ஏற்கப்படாத துயர்’ என்னும் பொருள்படும் தொடரால் குறித்தார். அவர் பெயரிட்ட நிலையின் மறுமொழி அமானிதம் என்னும் பழஞ்சொல்லில் முன்பே உள்ளது. திருப்பித் தருவோம் என்று அறிந்தே ஏற்பதும், திருப்பித் தரும் நாளில் நெஞ்சு கனப்பதும் முரண்பட்டவை அல்ல. அமானிதத்தை நன்கு காத்தவருக்கே அக்கனம் உண்டு.

6. எதிர்நிலைச் சான்று: பூனாச்சி

இம்மூன்று சொற்களும் அறத்தின் உயரத்திலிருந்து பேசுகின்றன. வளர்த்த உயிர் சந்தைக்குரிய பொருளாகவும் இருக்கும்போது நிகழ்வதை 2016இல் வெளியான பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ காட்டுகிறது. ‘மாதொருபாகன்’ சர்ச்சையை அடுத்த மௌனத்துக்குப் பின் அவர் எழுதிய நாவல் இது. மனிதரைப் பற்றி எழுத அச்சம். தெய்வங்களைப் பற்றி எழுத மேலும் அச்சம். நன்கறிந்த விலங்குகளுள் நாயும் பூனையும் கவிதைக்குரியவை என்று விலக்கி, ஆட்டைத் தேர்ந்ததாக அதன் முன்னுரையில் அவர் சொல்கிறார். நாய் கவிதைக்குரியது என்னும் கூற்றில் எள்ளல் உண்டு. விசுவாச மரபு நாயை உருவகமாக்கிவிட்டது என்னும் உண்மையும் அதில் உண்டு.

நாவலில் ஓர் ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளுள் கடைசியான, உயிர்பிழைப்பதே ஐயமான கரிய குட்டியை ஒரு பேருருவினன் கிழவனிடம் தந்து செல்கிறான். கிழவி அதற்குப் பால் தேடிப் படும் பாடு, மீட்கப்பட்ட குட்டியைப் பேணும் எவருக்கும் பழகியது. வேறொரு தாயாடு பாலூட்ட மறுக்கிறது. காட்டுப்பூனையின் வாயிலிருந்து குட்டி தப்புகிறது. குட்டி தேறத்தேறக் கிழவியின் வாழ்வுக்கு ஒரு மையம் கிடைக்கிறது. பின்னர் பூனாச்சி ஈனும் குட்டிகள் விற்கப்படுகின்றன. பஞ்சம் வருகிறது. அன்பு குறைந்ததனால் அன்று, வறுமை மிகுந்ததனால் அவ்வீட்டின் உறவு தேய்கிறது.

இந்நாவல் இரு உண்மைகளை நினைவூட்டுகிறது. ஒன்று, பிரிவின் துயரை விலங்கின் பக்கமிருந்து சொல்ல இயலும். பூனாச்சியின் குட்டிகள் பிரிக்கப்படும் இடங்களில் கதை ஆட்டின் மனத்துக்குள் நிற்கிறது. விற்பவரின் நியாயமும் மறைக்கப்படுவதில்லை. மற்றொன்று, பேணலுக்குப் பொருள்நிலை ஓர் எல்லையிடுகிறது. தற்காலிக வளர்ப்பாளரை அழுத்தும் மூன்றாவது துயர், அதாவது ‘இனி இடமில்லை’ என மறுப்பது, இங்கேதான் விளங்குகிறது. மருத்துவச் செலவும் வீட்டு உரிமையாளரின் மறுப்பும் அண்டை வீட்டாரின் அச்சமும் சேர்ந்தே அம்மறுப்பை உண்டாக்குகின்றன. கிழவியைக் கொடியவள் எனத் தீர்ப்பளிக்காத வாசகர், ஏற்க மறுத்த வளர்ப்பாளரையும் அவ்வாறு தீர்ப்பளிக்க மாட்டார்.

7. முடிவுரை

தமிழ் இலக்கியத்தில் நாய் நிறைந்திருந்தும், நாயைக் காத்துப் பிறர்கையில் தருபவரின் துயருக்கு அதில் இடமில்லாமற்போனதற்கு விசுவாச மரபே முதன்மைக் காரணம். அம்மரபு ஆண்டானையும் நாயையும் மட்டுமே அறியும். இடையே நிற்பவரை அறியாது.

இடையே நிற்பவரை அறிந்த சொற்கள் பிறவிடங்களில் உள்ளன. அடைக்கலம், ஏற்ற சொல்லின் எடையையும் எல்லையற்ற பொறுப்பின் ஆபத்தையும் மாதரியின் வழியே காட்டுகிறது. பிணை அப்பொறுப்புக்கு முடிவொன்றை வகுத்து, உடைமையின்றிக் காக்கும் நிலையைச் சொல்கிறது. அமானிதம், திருப்பித் தருதலையும் அதன்பொருட்டு வருந்துதலையும் ஒரே கடமையின் இரு பக்கங்களாக ஏற்கிறது. பூனாச்சி இவை யாவும் வறுமையின் தரையில் நிற்பதை நினைவூட்டுகிறது.

இச்சொற்களுள் ஒன்று கீழக்கரையோடு தொடர்புடைய காப்பியத்திலிருந்தும், மற்றொன்று அவ்வூர் போன்ற கரையோர ஊர்களின் அன்றாட வழக்கிலிருந்தும் கிடைப்பது தற்செயலன்று. பிரிவையும் ஒப்படைப்பையும் வாழ்க்கைமுறையாகக் கொண்ட சமூகங்களே அவற்றுக்கான சொற்களைச் செதுக்குகின்றன. நாயைத் தொடத் தயங்கும் மரபுடைய ஊரின் சொல், நாயை மடியில் வைத்து வளர்ப்பவரின் துயருக்குப் பொருந்துவது, இலக்கியச் சொல்வளம் சமயம், இனம், வழக்கம் ஆகிய வேலிகளைக் கடந்து பயன்தரும் என்பதற்குச் சான்று. சாயலன் மனைவி இறந்த குரங்கின் பெயரால் தானத்தில் ஒரு கூறு ஒதுக்கினாள். பிரிந்துசென்ற நாயின் இடத்தை அடுத்த நாய்க்கு ஒதுக்கும் வளர்ப்பாளர் செய்வதும் அதுவே.